செட்டிநாட்டு மாளிகைகளும் விருந்தினர் விடுதிகளும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் யாம் நண்பர் ஐவர் காரைக்குடிக்குப் போய், அதனைச் சூழ்ந்த கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி முதலிய ஊர்களைக் கண்டு, மூன்றாம் நாள் கல்லூரிக்கு மீண்டோம். மீண்ட அன்றிரவே மாணவர் இல்லத்தில் எம்முள் ஒரு வாதம் எழுந்தது. ஒருவர், "பாட்டனார் வாழ்ந்த வீட்டில் அயலாரைத் தங்கவைத்து, அறைக்கு இவ்வளவு, சோற்றுக்கு இவ்வளவு என்று பணம் பெறுவது அக்குடிக்கு அழகன்று" என்றார். மற்றொருவர், "வீடு இடிந்து வீழ்வதினும் இது மேலன்றோ?" என்றார். வாதம் நள்ளிரவுக்குப் பின்னும் நீண்டு, இல்லக் காவலர் வந்து விளக்கை அணைக்கச் சொன்ன பின்னரே ஓய்ந்தது. இரு திறத்தார் கூற்றினையும் சீர்தூக்கி யாம் கொண்ட அபிப்பிராயத்தை இம்மலரின் வாயிலாக நம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் சமர்ப்பிக்கின்றோம். மாறுபடுவோர் அடுத்த மலரில் எழுதுவாராக.

செட்டிநாட்டைக் கண்டிராத வாசகர்க்கு முன்னுரையாகச் சில கூறுதல் வேண்டும். நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் வணிகர் குடியினர் தொண்ணூற்றாறு ஊர்களில் வாழ்ந்தனர் என்பது அவர்தம் வழக்கு. இன்று எஞ்சியுள்ளவை எழுபதுக்குச் சற்று மேற்பட்டவை. 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட காரைக்குடி அவற்றுக்கு நடுநாயகம் போன்றது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869இல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டபின், பர்மாவின் நெல்லுக்கு உலகச் சந்தையில் பெருந்தேவை ஏற்பட்டது. காடு திருத்திக் கழனியாக்கிய உழவனுக்கு முதல் வேண்டியிருந்தது. அம்முதலைக் கொடுத்தவர் நகரத்தார். பர்மாவேயன்றி இலங்கை, மலேயா, சைகோன் ஆகிய இடங்களிலும் அவர் கடைகள் இருந்தன. ஆடவர் மூவாண்டுக்கு ஒரு முறை ஊர் திரும்புவர். ஈட்டிய பொருள் வீடாக எழும். பர்மாத் தேக்கும், இத்தாலிச் சலவைக்கல்லும், பெல்ஜியத்துக் கண்ணாடியும் கப்பலேறி வந்து, மழை அரிதாகிய அச்செம்மண் நிலத்திலே மாளிகைகளாக நின்றன.

அவ்வீடுகளின் அமைப்பைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்; ஏனெனில் எமது வாதம் முழுதும் அதனைப் பற்றியே நிற்கின்றது. ஒரு தெருவில் முன்வாயில் தொடங்கினால் அடுத்த தெருவிலேயே பின்வாயில் முடியும். முன்னே திண்ணையும் முகப்பும். அதனைக் கடந்தால் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் வரிசையாக நிற்கும் வளவு. அதன்பின் இரண்டாங்கட்டு, பந்தி வைக்கும் கூடம், கடைசியில் அடுப்படி. கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கி அண்டாக்களில் சேரும். சுவர்ப்பூச்சு, சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றப்பட்டது. கையை வைத்தால் கண்ணாடிபோல் குளிர்கின்றது. வளவைச் சுற்றியுள்ள சிற்றறைகள் மணமான ஆண்மக்களுக்கு ஒவ்வொன்றாக உரியவை. திருமணமாகும்போதே அத்தம்பதியர் தனிப் 'புள்ளி'யாகக் கணக்கிடப்படுவர். தனியே உலை வைப்பர். ஆக, ஒரே கூரையின்கீழ்ப் பல அடுப்புகள் எரியும். எனினும் கலியாணமோ சாந்தியோ வருமாயின் அடுப்புகள் ஒன்றாகும்; நூற்றுக்கணக்கானோர் பந்தியில் அமர்வர். இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று வினவுவோர்க்கு இதுவே விடை. அது பலர் கூடி உண்ணுதற்கென்றே கட்டப்பட்டது.

இன்று அவ்வீடுகளுட் பெரும்பாலானவற்றில் அடுப்பெரிவதில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுட் புகுந்தபோது கடைகளை அப்படியே விட்டுவிட்டுக் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர் பலர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் அவ்வரசு இயற்றிய நிலச் சட்டங்கள் எஞ்சிய உரிமையையும் முடித்தன. முதல் போயிற்று, வீடு நின்றது. மக்கள் சென்னைக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் பெயர்ந்தனர். தலைமுறை பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகினர். யாம் கண்ட ஒரு வீட்டுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பங்குகள் உள என்று அதன் காவற்கிழவர் சொன்னார். கூரையில் ஓர் ஓடு உடைந்தால் அதனை மாற்றுவதற்கு நாற்பதின்மர் ஒப்பவேண்டும். இடித்து விற்பதற்கும் நாற்பதின்மர் ஒப்பவேண்டும். முந்தியதற்கு ஒருவரும் பணம் தருவதில்லை. பிந்தியதற்கு என்றேனும் ஒருநாள் அனைவரும் கையொப்பம் இடுகின்றனர்.

அங்ஙனம் கையொப்பமிட்ட வீடுகள் எங்கே போகின்றன என்பதைக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் கண்டோம். அங்குள்ள பழம்பொருட் கடைகளில் நிலைக்கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. எனாமல் சட்டிகளும், பித்தளை அண்டாக்களும், யாரோ ஒருவருடைய பாட்டியாரின் மணக்கோலப் படமும் ஒரே குவியலில் கிடக்கின்றன. தேக்குத் தூண் ஒன்று தரையிற் கிடத்தப்பட்டு, அதன்மேல் சுண்ணக்கட்டியால் விலை எழுதப்பட்டிருந்தது. எம் நண்பர் ஒருவர் அதனைக் கட்டிப் பார்த்தார். இரு கையும் எட்டவில்லை. அதற்கு இணையான தூண்கள் எத்தனை இருந்தன என்று கடைக்காரரைக் கேட்டோம். "பன்னிரண்டு தம்பி. மற்றவை வெவ்வேறு ஊருக்குப் போயாச்சு" என்றார். பன்னிரு தூண்கள் சேர்ந்து நின்றவரையில் அது வளவு. இன்று ஒவ்வொன்றும் எங்கோ ஓர் உணவுச்சாலையின் மூலையில் தனியே நின்று அழகு செய்யும். இதனைக் கண்டபின் 'குலத்துக்கு அழகன்று' என்ற நண்பர் சற்று நேரம் வாய் திறவாதிருந்தார்.

ஆகவே, விருந்தினர் விடுதியாக மாறிய வீடுகளை யாம் குறைகூறத் துணியோம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், முன்னாளில் நகரத்தார் கூடிப் பொழுதுபோக்கிய கழகமனையொன்று காரைக்குடியில் 'பங்களா' என்னும் பெயரோடு விடுதியாயிற்று. பின்னர்க் கானாடுகாத்தானில், தந்தையார் ஒருவர் தம் மகளுக்கென்று கட்டிய 'விசாலம்' என்னும் மனையும், வேறு சில மனைகளும் அவ்வழியே சென்றன. இவற்றைப் 'பூட்டிக் ஹோட்டல்' என விளம்பரம் செய்கின்றனர். அப்பெயர்க்கு நேர்தமிழ் தேடி யாம் ஓரிரவை வீணாக்கினோம். 'சிறு விருந்தினர் மனை' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. பெயர் எதுவாயினும் பயன் உண்டு. பத்து அறைகளோ பதினைந்து அறைகளோ உடைய மனையொன்று திறந்திருக்குமாயின், ஆண்டுதோறும் கூரை பழுது பார்க்கப்படும். வெண்கருப் பூச்சு அறிந்த கொத்தனார்க்கு வேலை கிடைக்கும். ஆத்தங்குடித் தளக்கல் செய்வோர்க்கும் கிடைக்கும். அத்தொழிலை அங்கே கண்ணாரக் கண்டோம். கண்ணாடிப் பலகையின்மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சாந்தைக் கரண்டியால் வார்த்து, அச்சை மெல்ல எடுத்து, மேலே அவ்வூர் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீர்த்தொட்டியில் ஊறவைக்கின்றனர். சூளை இல்லை, நெருப்பில்லை; கை ஒன்றே கருவி. அச்சை எடுக்கும்போது விரல் சற்று நடுங்கினாலும் மலர் சிதைந்துவிடும். பழைய வீடுகள் இல்லாவிடில் இக்கையை யார் நினைப்பர்?

நிற்க. யாம் தங்கியது பேருந்து நிலையத்தின் அருகில் ஓர் எளிய விடுதியில். மாளிகை விடுதிகளின் ஒருநாள் வாடகை, அவ்வூர்க் கொத்தனார் ஒருவரின் ஒரு வாரக் கூலியை விஞ்சும். மாணவர்க்கு அது எட்டாக்கனி. எனினும் ஒருவேளை விருந்தாவது உண்டு பார்ப்போம் என்று முன்கூட்டியே பணம் சேர்த்துச் சென்றிருந்தோம். தலைவாழையிலை இட்டார்கள். கோலா உருண்டை வந்தது. நண்டு இரசம் வந்தது. அரிசி களைந்த நீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டி வந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் வற்றல் மிளகாயும் அன்றி வேறு மசாலை மிகுதியாகச் சேராத உப்புக்கறி வந்தது. இறுதியில் பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கருநிறக் கவுனி அரிசியைத் தேங்காயும் சர்க்கரையும் கலந்து படைத்தார்கள். எம்மை வியப்பில் ஆழ்த்தியது யாதெனில், ஒன்றேனும் நாவை எரிக்கவில்லை. நம் நகரங்களில் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய கடைகளில் சிவந்த எண்ணெயும் கண்ணீரும் அல்லவோ நாம் அறிந்தவை!

உணவு முடிந்தபின் அடுப்படிக்குள் எம்மை அன்புடன் அழைத்தவர் அறுபது கடந்த சமையற்காரர் ஒருவர். கலியாண வீடுகளில் தாய்மாமனோடு எடுபிடியாகச் சென்று தொழில் கற்றவர். அவரிடம் எம் வியப்பைச் சொன்னோம். சிரித்தார். "தம்பி, மிளகாயைக் கொட்டுவதற்குக் கை வேண்டியதில்லை. கல்பாசி எவ்வளவு, மராட்டி மொக்கு எவ்வளவு, அதை எப்போது போடவேண்டும், எப்போது போடக்கூடாது, அதற்குத்தான் கை வேண்டும்" என்றார். பின்பு, "ஒரு நாள் கொஞ்சம் அதிகம் விழுந்தால் குழம்பு மருந்தாகிவிடும்" என்று சேர்த்துக்கொண்டார். அவர்க்கு இரு புதல்வர். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் உள்ளார், மற்றவர் சிங்கப்பூரில். இவர் கையைக் கற்பார் ஊரில் எவருமில்லை. இவ்விடுதியில் இவர்க்குக் கீழ்ப் பணிசெய்வோர் சமையற் பட்டயம் பெற்று வேற்றூரிலிருந்து வந்த இளைஞர். ஓராண்டில் வேறிடம் சென்றுவிடுகின்றனர். வேறொரு விடுதியின் உணவுப் பட்டியலில் 'செட்டிநாட்டுப் பாஸ்தா' என்றொரு பண்டம் அச்சிட்டிருக்கக் கண்டோம். அதனைப் பற்றி யாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தூணைக் காப்பதற்குக் காசு கொடுக்கும் விருந்தாளி, அத்தூணின்கீழ் வைத்த பந்தியைக் காப்பதற்கும் கொடுக்கவே செய்வான். அவனிடம் கேட்பார் இல்லாமையே குறை. விடுதி ஒவ்வொன்றும் அவ்வூர் இளைஞர் இருவரை, ஆணாயினும் பெண்ணாயினும், சம்பளத்துடன் மூன்றாண்டு முதிய சமையற்காரரிடம் ஒப்படைத்தல் ஆகாத காரியமா? அவ்வாறு செய்யாமல் மேசைவிரிப்பையும் வெள்ளிக் கரண்டியையும் உயர்த்துவது உயர்ந்த விருந்து ஆகாது என்பது எமது துணிபு.

இனி, யாம் மிக வருந்திய விஷயத்துக்கு வருகின்றோம். ஒரு மனையைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி நல்ல பேச்சாளர். தேக்கு வந்த கதை சொன்னார். கண்ணாடி வந்த கதை சொன்னார். சுவரில் எத்தனை முட்டை சென்றது என்றும் கணக்குச் சொன்னார். "இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது?" என்று எம் நண்பர் கேட்டார். "வாணிபம், தம்பி" என்றார். "யாரோடு வாணிபம்?" என்றதற்கு, "விருந்தாளிகள் சந்தோஷத்துக்கு வருகிறார்கள். அந்தக் கதையெல்லாம் எதற்கு?" என்று அடுத்த அறைக்கு நடந்தார்.

அக்கதையைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகின்றோம். கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930ஆம் ஆண்டில் நகரத்தார் வசமிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல்விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவரால் திருப்பித்தர இயலவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தது. 1938க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. நிலத்தை அவர்கள் விரும்பித் தேடவில்லை, கொடுத்த பணத்தையே வேண்டினர், அப்பணத்திலும் பெரும்பகுதி பிறர் வைப்புத்தொகை என்பது உண்மை. அதனை மறைப்பது அநியாயம். ஆயினும் நாலில் ஒரு பங்கு நிலத்தை இழந்த பர்மிய உழவர் வீட்டில் அவ்வாண்டுகளில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதும் அதே கணக்கைச் சேர்ந்ததே. நகரத்தார் பேரேட்டு முறையிலே பெயர்பெற்றவர். வரவைப் பதிந்து பற்றைப் பதியாத கணக்குப்பிள்ளையை எந்தக் கடையிலும் ஒருநாளும் வைத்துக்கொண்டிரார். ஐந்தொகை இட்டால் இருபுறமும் ஒத்துவரவேண்டும். தேக்குத் தூணை மட்டும் காட்டி, அதன் மறுபுறத்தை மறைக்கும் வழிகாட்டியின் கணக்கு ஒத்துவாராக் கணக்கு.

முழுக்கணக்கு எழுதினால் அக்குடியின் பெருமை குன்றிவிடும் என்று அஞ்சுவோர் வரவுப்பக்கத்தில் வேறு என்னென்ன உள என்பதையும் நோக்குக. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் எழுந்தது இக்குடிப் பொருளாலேயே. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியிற் கல்லூரி நிறுவினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கென்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948இல் அதற்கு ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். வறண்ட அவ்வூரிலிருந்து இன்றும் ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளிவருகின்றனர். இதனையும் மாளிகையின் வழிகாட்டி சொல்லக் கேட்டோமில்லை. முட்டைக் கணக்கே போதும் என்று எண்ணினார் போலும்.

ஊராரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்காவதாக யாம் சென்ற மனையின் வாயிலில், "தங்குகிறவர்களுக்கு மட்டும்" என்று காவலாளி தடுத்துவிட்டார். அவர் கடமையைச் செய்தார், அவர்மேற் குறையில்லை. ஆனால் அவரோடு பேச்சுக் கொடுத்தபோது, அவர்தாமே அத்தெருவிற் பிறந்தவர் என்றும், சிறுவயதில் அவ்வீட்டுக் கலியாணத்தில் பந்தியில் உட்கார்ந்து உண்டவர் என்றும், விடுதியான பின் அடுப்படியைத் தாண்டி உள்ளே சென்றதில்லை என்றும் தெரிந்தது. பலர் உண்ணக் கட்டிய வீடு என்று முன்னே சொன்னோம். மாதத்தில் ஒருநாள், ஒரு முற்பகலாவது, கதவைத் திறந்துவைத்து, அவ்வூர்ப் பள்ளிப்பிள்ளைகளுக்கு வளவைக் காட்டி, குழிப்பணியாரமோ சீயமோ இரண்டு கையிற் கொடுத்தனுப்பினால் விடுதிக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன என்று எல்லா விடுதிகளும் எழுதி மாட்டியுள்ளன. அப்பட்டியலில் உள்ளது ஊர்களின் பெயர், விடுதிகளின் பெயரன்று.

எம் நண்பரின் முதல் ஆட்சேபத்துக்கு விடை கூறாமல் விடலாகாது. விருந்தை விலைக்கு விற்கலாமா என்றார். விற்கலாம். உழைத்த சமையற்காரர்க்கும் கொத்தனார்க்கும் உரியது சேருமாயின், வீட்டின் கணக்கு மறைக்கப்படாதிருக்குமாயின், காவலாளியின் மகள் உள்ளே வந்து அத்தளக்கல்லின்மேல் நடக்கக்கூடுமாயின், விலை வாங்குவதில் இழுக்கொன்றும் இல்லை. இம்மூன்றும் இல்லாவிடில், முனீசுவரன் கோயில் தெருவுக்கும் அவ்விடுதிக்கும் வேறுபாடு மிகச் சிறிது. அங்கே தூண் கிடந்து விலைபோகின்றது, இங்கே நின்று விலைபோகின்றது.

நம் பழைய மாணவருள் செட்டிநாட்டைச் சேர்ந்தவர் பலர் உளர். அவர்தம் வீட்டுப் பரண்களிலும் பெட்டகங்களிலும் ரங்கூன், மோல்மேன் கடைகளின் பேரேடுகளும், ஆச்சிமார் கைப்பட எழுதிய கலியாணச் சமையற் கணக்குகளும் கரையானுக்கு இரையாகிக் கொண்டிருத்தல் கூடும். அவற்றைத் தர மனமில்லாதோர் நகலெடுத்துக்கொள்ள இசைந்தாலும் போதும். நம் கல்லூரி நூலகத்தில் வைப்பதற்கு நூலகரிடம் பேசியிருக்கின்றோம். வரும் டிசம்பரில் மீண்டும் அவ்வூர்களுக்குச் செல்வதாக உள்ளோம். இம்முறை ஆத்தங்குடியில் இரு நாளும், அச்சமையற்காரர் இசைந்தபடி அவர் அடுப்படியில் ஒரு நாளும் இருந்து, கண்டதை எழுதிக்கொண்டு வரக் கருத்து. உடன்வர விரும்பும் மாணவர், அக்டோபர் மாத முடிவுக்குள் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவேண்டும். பதின்மர்க்கு மேல் அவ்வடுப்படி கொள்ளாது.